இரண்டு லைன், ஒரே பள்ளம்

கேள்வி: ஐயா, ஒரு தலைமை அலுவலகமும் 38 கிளைகளும் உள்ள நிறுவனத்தில் நெட்வொர்க் பொறுப்பு என்னுடையது. உதவிக்கு ஒருவர் இருக்கிறார், அவ்வளவுதான் எங்கள் படை. தலைமை அலுவலகத்துக்கு இரண்டு வெவ்வேறு நிறுவனங்களிடமிருந்து இரண்டு ஃபைபர் லைன் வாங்கியிருக்கிறோம். சென்ற மாதம் சாலையில் பொக்லைன் வைத்துத் தோண்டியபோது இரண்டும் ஒரே நேரத்தில் அறுந்து, 7 மணி நேரம் எல்லாக் கிளைகளும் முடங்கின. "ரெண்டு லைனுக்குப் பணம் கட்டுறோமே, அப்புறம் எப்படி?" என்று மேலாளர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மூன்றாவதாக ஒரு லைன் எடுத்துவிடலாம் என்று பேச்சு நடக்கிறது. சரியா? அதற்கு முன்பு ஒருமுறை ஒரு லைன் மட்டும் போனபோதும் தானாக மற்றொன்றுக்கு மாறவில்லை, நான் ஓடிப்போய்க் கையால் மாற்றினேன். அது ஏன் என்றும் புரியவில்லை. மேலாளருக்கு அறிக்கை எழுத வேண்டும். வழிகாட்டுங்கள்.

பதில்:

உங்கள் மேலாளர் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். லைன் கொடுத்தவர்களிடம், கையெழுத்துப் போடும் முன் கேட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அன்று கேட்காததில் உங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் இந்தத் தப்பைச் செய்யாத நெட்வொர்க்காரர் யாரையும் நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

இரண்டு லைன் வாங்குவதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு லைன் 99 சதவீத நேரம் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்தில் மூன்றரை நாளுக்கு மேல் படுத்திருக்கும். அதே தரத்தில் இரண்டு இருந்தால் இரண்டும் சேர்ந்து படுக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றை நூற்றில் ஒன்றால் பெருக்கினால் வருவது, அதாவது பத்தாயிரத்தில் ஒன்று. வருடத்துக்கு 53 நிமிடம். விற்க வருபவர் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவார். ஒன்று விழுவதற்கும் மற்றது விழுவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றால்தான் இந்தப் பெருக்கல் செல்லும். இரண்டும் ஒரே பள்ளத்தில் கிடந்தால் பெருக்க ஒன்றுமில்லை. உங்களிடம் இருந்தது ஒரே லைன், பில் மட்டும் இரண்டு.

இது புதுக்கதை இல்லை. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் 1986 டிசம்பர் 12 அன்று அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதி முழுவதும் மற்ற நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்கப்பட்டது. அந்தப் பகுதிக்கு ஏழு தனித்தனி இணைப்புகள் இருந்தன. ஒன்று போனால் ஆறு தாங்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஏழும் ஒரே ஃபைபர் கேபிளுக்குள் ஓடிக்கொண்டிருந்தன என்பது அந்தக் கேபிள் அறுந்த பிறகுதான் தெரிந்தது. அமெரிக்கப் பொறியாளர் பால் பேரன் 1964-லேயே, ஒவ்வொரு முனையும் மூன்று நான்கு பக்கத்து முனைகளோடு பின்னிக் கிடந்தால் பாதி சிதைந்தாலும் மிச்சம் பேசிக்கொண்டிருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். அவர் வரைந்த வலையில் ஒவ்வொரு கோடும் தனிக்கோடு. காகிதத்தில் கோடுகள் அப்படித்தான் இருக்கும். மண்ணுக்குள் போனதும் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

ஏன் ஒட்டுகின்றன என்பதை ஒரு மேன்ஹோல் ஓரத்தில் நின்று கற்றுக்கொண்டேன். ஒரு வாடிக்கையாளருக்காக இரண்டு நிறுவனங்களின் பாதையையும் கால்நடையாகவே பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். இரண்டு தரப்பும் "எங்க ரூட் தனி சார்" என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். மூன்றாவது மேன்ஹோலின் மூடியைத் தூக்கியதும் டார்ச் வெளிச்சத்தில் ஒரே ஒரு குழாய். அதன் வாயிலிருந்து இரண்டு கறுப்புக் கேபிள்கள் அண்ணன் தம்பி மாதிரித் தோளோடு தோள் உரசி வெளியே வந்தன. ஒன்றில் ஒரு நிறுவனத்தின் டேக், மற்றதில் இன்னொன்றின் டேக். மூடியைத் தூக்கிய ஊழியர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பாலத்தைத் தாண்ட வேற வழி இல்ல சார், எல்லாரும் இந்தக் குழாய்க்குள்ளதான் போவாங்க" என்றார். யாரும் பொய் சொல்லவில்லை. இருவரின் கேபிளும் தனி, இருவரின் கண்ணாடி இழையும் தனி. குழாய் மட்டும் பொது.

பாலம், சுரங்கப்பாதை, ரயில் பாதையைக் கடக்கும் இடம், உங்கள் கட்டடத்துக்குள் நுழையும் ஓட்டை, இவைதான் வழக்கமாக எல்லாக் கேபிளும் கூடும் இடங்கள். 2001 ஜூலையில் பால்டிமோரின் ஹோவர்ட் தெரு சுரங்கத்தில் சரக்கு ரயில் தடம் புரண்டு தீப்பிடித்தபோது, அதே சுரங்கத்தின் வழியாகப் போட்டிருந்த பல நிறுவனங்களின் ஃபைபர்கள் ஒன்றாகக் கருகின. இன்னொரு வகையும் உண்டு. ஒரு நிறுவனம் தன் கேபிளைத் தானே போடாமல், போட்டியாளரின் கேபிளிலேயே சில இழைகளை வாடகைக்கு எடுத்து உங்களுக்கு விற்கும். அப்போது குழாய் மட்டுமில்லை, கேபிளே ஒன்றுதான்.

ஆகவே "ரூட் தனியா?" என்று வாயால் கேட்காதீர்கள். "ஆமாம் சார்" என்றுதான் வரும். பாதையின் வரைபடக் கோப்பைக் கேளுங்கள். இரு தரப்பிடமும் வாங்கி ஒரே திரையில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். கோடுகள் எங்கே தொடுகின்றன, அவர்களின் எக்ஸ்சேஞ்ச் கட்டடம் ஒன்றேதானா என்று தேடுங்கள். கடைசி ஒரு கிலோமீட்டரை மட்டுமாவது நடந்தே பாருங்கள், அது முடியாத தூரம் இல்லை. வரைபடத்தைக் கொடுக்க மறுத்தால், ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாள்வரை பொறுத்திருந்து அப்போது நிபந்தனையாக வையுங்கள். புதுப்பிக்கும் சமயத்தில் கேட்டால் கிடைக்கிற மரியாதை மற்ற நாளில் கிடைப்பதில்லை.

வரைபடத்தை வருடம் ஒருமுறை திரும்பக் கேளுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். முதல் நாள் உண்மையாகவே தனித்தனிப் பாதையில் இருந்த லைன்கள், நாலு வருடம் கழித்து அவர்கள் பழைய கேபிளைக் கழித்துப் புதியதற்கு மாற்றும்போது சத்தமில்லாமல் ஒன்றாகிவிடும். அவர்களைப் பொறுத்தவரை அது வழக்கமான பராமரிப்பு வேலை, உங்களுக்குத் தகவல் சொல்லத் தோன்றாது. "பாதையை மாற்றும் முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இனி மூன்றாவது லைன். அதுவும் ஃபைபர், அதே சாலை வழியாக வருவது என்றால் வேண்டாம். பொக்லைனுக்கு இரண்டு கேபிளும் ஒன்றுதான், மூன்றும் ஒன்றுதான். எடுப்பதானால் வேறு ஜாதியாக எடுங்கள். மொட்டை மாடியிலிருந்து மைக்ரோவேவ், மொபைல் சிம் போட்ட ரவுட்டர், சாட்டிலைட், இவற்றில் உங்களுக்கு எது கிடைக்கிறதோ அது. 2022 ஜனவரியில் டோங்கா தீவுகளில் எரிமலை வெடித்தபோது அந்நாட்டை உலகத்தோடு இணைத்த ஒரே கடலடிக் கேபிள் அறுந்து, சரிசெய்ய ஐந்து வாரம் பிடித்தது. அதுவரை சாட்டிலைட்தான் கைகொடுத்தது. வேகம் குறைவு, ஆனால் எரிமலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மொபைல் எடுத்தால் ஒரு எச்சரிக்கை: உங்கள் பக்கத்துக் கோபுரத்துக்குள் போகிற ஃபைபரும் அதே சாலையில் இருக்கலாம். போன மாதம் அந்த 7 மணி நேரத்தில் அலுவலகத்துக்குள் மொபைல் இணையம் வேலை செய்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இலவசமாக நடந்த சோதனை அது.

இப்படி வேறு ஜாதி லைன் ஃபைபரில் பத்தில் ஒரு பங்கு வேகம்கூட இல்லாமல் இருக்கலாம். பரவாயில்லை. அதன் மேல் எதை ஏற்றுவது, எதை இறக்கிவிடுவது என்று இன்றே முடிவு செய்து ரவுட்டரில் எழுதி வையுங்கள். பில் போடுவதும் லாகினும் போகட்டும், வீடியோ கூட்டமும் இரவு நேர பேக்கப்பும் நிற்கட்டும். கொள்ளளவுக் கணக்கு இப்போதுள்ள இரண்டு ஃபைபருக்கும் பொருந்தும். இரண்டிலும் சுமையைப் பங்கிட்டு ஆளுக்கு 70 சதவீதம் ஓடிக்கொண்டிருந்தால், ஒன்று விழும்போது மிச்சம் இருப்பதன் மேல் 140 சதவீதம் ஏறும். பெயருக்கு லைன் இருக்கும், வேலை நடக்காது. இரண்டில் எதுவும் பாதியைத் தாண்டக் கூடாது.

தானாக மாறாத விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஃபைபர் நேராக உங்கள் ரவுட்டருக்குள் வருவதில்லை. இடையில் நிறுவனம் வைத்த ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதிலிருந்து ஒரு குட்டிக் கேபிள் ரவுட்டருக்கு வரும். ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஃபைபர் அறுந்தாலும் அந்தப் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் ஒன்றும் ஆகவில்லை. போர்ட்டில் பச்சை விளக்கு எரிகிறது. ரவுட்டர் பச்சையைப் பார்த்துவிட்டு "எல்லாம் சுகம்" என்று பாக்கெட்டுகளை (தகவல் துண்டுகளை) அந்தப் பக்கமே அனுப்பிக்கொண்டிருக்கிறது. வாசலில் காவலாளி நிற்கிறார் என்பதால் வீட்டுக்குள் ஆள் இருக்கிறார் என்று நினைப்பது மாதிரி.

ரவுட்டர் நலம் விசாரிக்க வேண்டியது பக்கத்துப் பெட்டியிடம் இல்லை, மறுகோடியிடம். உங்களிடம் ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதி வைத்த நிலையான பாதை) மட்டும் இருந்தால், தொலைவில் இரண்டு மூன்று முகவரிகளைத் தொடர்ந்து தட்டிப் பார்த்து, எல்லாம் மௌனமானால் ரூட்டை விலக்கும்படி அமையுங்கள். ஒரே முகவரியை நம்பாதீர்கள், அந்த ஒரு சர்வர் படுத்தாலும் லைனே போனதாக நினைத்துவிடும். பிஜிபி, அதாவது ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிப் பாதையை அறிந்துகொள்ளும் முறை, ஓடுகிறது என்றால் அது தானே கண்டுபிடிக்கும், ஆனால் பல ரவுட்டர்களில் அது பொறுத்திருக்கும் நேரம் 180 விநாடி. மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி விசாரிக்கும் பிஎஃப்டி சேர்த்தால் ஒரு விநாடிக்குள் தெரியும். அதற்காக ஆகக் குறைந்த எண்ணை வைத்துவிடாதீர்கள். ஒரு கணம் தும்மினாலே லைன் மாறி, உடனே திரும்பி, மறுபடி மாறி, அந்த ஆட்டத்திலேயே எல்லோருடைய இணைப்பும் அறுந்துகொண்டிருக்கும். விலகுவதில் அவசரம், திரும்புவதில் நிதானம். பழுதான லைன் சரியாகி ஐந்து பத்து நிமிடம் ஒழுங்காக ஓடிய பிறகே அதற்குத் திரும்பட்டும்.

முழுதாக அறுந்த லைனைவிடப் பாதி செத்த லைன்தான் அதிகம் படுத்தும். நூறு பாக்கெட்டில் ஐந்து தொலையும். பிங் செய்தால் (ஒரு சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்த்தால்) பதில் வரும், கிளைக்காரர்கள் மட்டும் "ஸ்லோவா இருக்கு, ஸ்லோவா இருக்கு" என்று போன் போட்டுக்கொண்டே இருப்பார்கள். இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்காமல் எத்தனை தொலைகிறது என்றும் பாருங்கள். பிங்கைச் சின்ன பாக்கெட்டோடு நிறுத்தாமல் பெரியதையும் அனுப்பிப் பாருங்கள். சின்னது போய்ப் பெரியது மட்டும் விழுங்கப்படுகிற பழுதில் நான் ஒருமுறை இரண்டு நாள் அலைந்திருக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். 38 கிளைகளும் தலைமை அலுவலகம் வழியாகத்தான் எல்லாவற்றுக்கும் போகின்றன என்று தெரிகிறது. அன்றைக்குக் கிளைகளின் லைன்களில் ஒரு குறையும் இல்லை. நடுவீடு இருண்டதால் எல்லாம் இருண்டது. உங்கள் நெட்வொர்க் படத்தை ஒரு தாளில் அச்சடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்டியாக விரலால் மூடி, "இது இல்லையென்றால் யார் யார் நிற்பார்கள்?" என்று கேளுங்கள். விரல் எங்கே வைத்தால் தாள் முழுக்கச் சாகிறதோ அதுதான் உங்கள் முதல் செலவு. பெரும்பாலும் அது லைனாக இருக்காது. ஒற்றை ஃபயர்வால், பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர், லாகின் சர்வர், இப்படி ஏதாவது ஒன்றாக இருக்கும். கிளைகள் தலைமை அலுவலகத்தைத் தொடாமலே வேலை செய்ய வேறொரு இடத்தில் இரண்டாவது மையம் வைப்பது, என் கணக்கில், மூன்றாவது ஃபைபரைவிடப் பல மடங்கு பயன் தரும்.

விரலை மின்சாரத்தின் மேலும் வையுங்கள். நான் பெருமையாக அமைத்த ஒரு ரேக்கில் ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் இரண்டு பவர் சப்ளை வைத்திருந்தேன். யுபிஎஸ் ஒரு நாள் கண்ணை மூடியபோது மொத்த ரேக்கும் அணைந்தது. இரண்டு வயரையும் அதே யுபிஎஸ்ஸில் சொருகியவன் நானேதான்.

கடைசியாக ஒட்டிக்கொள்வது மென்பொருள். இது மண்ணுக்குள் தேடினால் அகப்படாது. 1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் தொலைதூரத் தொலைபேசி வலை சுமார் 9 மணி நேரம் தள்ளாடியது. அழைப்புகளைத் திருப்பிவிடும் 114 ஸ்விட்சுகள், ஒன்றுக்கொன்று துணை. நியூயார்க்கில் ஒரு ஸ்விட்ச் சின்னக் கோளாறால் தன்னைத்தானே நிறுத்தித் திரும்பி எழுந்தது, அப்படித்தான் அதை வடிவமைத்திருந்தார்கள். எழுந்ததும் பக்கத்து ஸ்விட்சுகளுக்கு அது அனுப்பிய செய்திகளை வாங்கும் நிரலில் ஒரு பிழை. செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி வந்ததும் அவையும் தடுமாறித் தம்மை நிறுத்திக்கொண்டன, எழும்போது தங்கள் பக்கத்து ஸ்விட்சுகளை வீழ்த்தின. எல்லாவற்றிலும் சில வாரங்களுக்கு முன் ஏற்றிய அதே மென்பொருள். துணைக்கு இருந்தவற்றின் கண்ணும் அதே இடத்தில் குருடு.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் இரண்டு வேறு கம்பெனி ரவுட்டர் வாங்குகிறேன்" என்று கிளம்பிவிடாதீர்கள். பெரிய நிறுவனங்களுக்கு அது சரி. இரண்டே பேர் உள்ள படைக்கு இரண்டு மொழி ரவுட்டர் என்றால், நடு இரவில் எந்தக் கட்டளை எதில் என்று தடுமாறி நீங்களே ஒரு பழுதை உண்டாக்குவீர்கள். ஒரே கம்பெனி போதும். ஆனால் இரண்டு பெட்டிக்கும் ஒரே இரவில் அப்டேட் போடாதீர்கள். ஒன்றுக்குப் போட்டு இரண்டு வாரம் ஓடவிட்டு அப்புறம் மற்றதற்கு. கான்ஃபிக் (ரவுட்டரின் அமைப்பு) மாற்றத்துக்கும் இதே முறைதான்.

எல்லாம் விழுந்த நேரத்தில் உங்களுக்கு என்று ஒரு பின்வாசல் வேண்டும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் 6 மணி நேரம் காணாமல் போனதற்குக் காரணம் பராமரிப்பில் இட்ட ஒரு கட்டளை. மீட்க இழுத்தடித்ததற்கு ஒரு முக்கியக் காரணம், சரிசெய்யப் பயன்படும் உள் கருவிகளும் அதே நெட்வொர்க்கைத்தான் நம்பியிருந்தன. உங்களுக்கு அந்த அளவு வேண்டாம். சிம் போட்ட ஒரு மோடத்தை ரவுட்டரின் கன்சோலில் (நேரடியாகக் கட்டளை இடும் வாசலில்) மாட்டி வையுங்கள், வீட்டிலிருந்தே உள்ளே நுழையலாம். லைன் நிறுவனங்களின் புகார் எண், சர்க்யூட் எண், கடவுச்சொல் இருக்கும் இடம், இவற்றைத் தாளில் எழுதிப் பூட்டி வையுங்கள். அவை ஷேர் டிரைவில் இருக்கின்றன என்றால் அன்றைக்கு அவை இல்லை என்றுதான் அர்த்தம்.

இத்தனையும் செய்தபின் ஒருநாள் கேபிளைப் பிடுங்குங்கள். உண்மையாகவே, கையால். நான் முதல்முறை பிடுங்கியபோது லைன் அழகாக மாறியது, ஆனால் பாதிக் கிளைகள் உள்ளே வர முடியவில்லை. ஒன்றரை வருடமாக முதல் ஃபயர்வாலில் சேர்த்த விதிகளை இரண்டாவதில் யாரும் சேர்க்கவில்லை. சோதிக்காத பேக்கப் அப்படித்தான் உள்ளுக்குள் பழசாகிக்கொண்டே இருக்கும். முதல் தடவை அலுவலக நேரத்துக்குப் பிறகு, எல்லோருக்கும் சொல்லிவிட்டு. நிறுவனத்தின் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் பிடுங்கினால் பச்சை விளக்கு அணைந்து எளிதாக மாறிவிடும், அது பாதிச் சோதனைதான். பெட்டிக்கு அந்தப் பக்கம் ஃபைபரையே அவர்கள் ஆளை வைத்துக் கழற்றச் சொல்லுங்கள். இரண்டு மூன்று முறை தேறியதும் வேலை நேரத்திலேயே செய்யுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும்.

அறிக்கையை நீட்ட வேண்டாம். இரண்டு லைனும் எந்த இடத்தில் ஒன்றாயின என்று வரைபடத்தில் சிவப்பு வட்டம் போட்டு முதல் பக்கத்தில் வையுங்கள். கீழே, ஒன்றை வேறு பாதைக்கு மாற்ற அந்த நிறுவனம் கேட்கும் தொகை, சிம் ரவுட்டருக்கு ஆகும் தொகை, இரண்டாவது மையத்துக்கு உத்தேசமாக ஆவது, கேபிளைப் பிடுங்கப் போகும் தேதி. தேதியை மேலாளரையே குறிக்கச் சொல்லுங்கள். அன்று மாலை அவரையும் சர்வர் அறைக்கு வரச் சொல்லி, முடிந்தால் கேபிளை அவர் கையாலேயே பிடுங்க வையுங்கள். வட்டம் போடும் இடத்தைக் கண்டுபிடித்ததும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். பாலம் என்று நினைக்கிறேன், பார்ப்போம்.